மெழுகுப் பிசகு

யோருனுக்கு ஐம்பத்து மூன்று வயது. நார்வேயில் பிறந்து, நார்வேயில் வளர்ந்து, ஒஸ்லோவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் நார்வேக்காரர்களின் கண்ணை அளவெடுத்துப் பிழைப்பவள். அவளுக்குப் பனிச்சறுக்கு தெரியாது.

வேறு ஊராக இருந்தால் அதனாலென்ன என்று விட்டுவிடலாம். ஒஸ்லோவில் அப்படி விட முடியாது. அங்கே பிள்ளை நடக்கத் தொடங்கிய அடுத்த குளிர்காலமே அதன் காலில் சறுக்குப் பலகையை மாட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ட்ராமில் ஏறினால் பாதிப் பேர் கையில் பலகையும் கோலுமாக நிற்பார்கள். திங்கட்கிழமை கடைக்குப் போனால் முதல் கேள்வியே, “நேத்து எவ்வளவு தூரம் போன?” என்பதுதான். யோருன் பிறந்ததோ மேற்குக் கடலோரத்தில் ஒரு தீவில். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அங்கே மழை. தப்பித்தவறிப் பனி விழுந்தாலும் மத்தியானத்துக்குள் மழை வந்து கழுவிக்கொண்டு போய்விடும். இருபத்தாறு வயதில் தலைநகரத்துக்கு வந்தவள், இந்த வயதில் போய்க் குழந்தைகளோடு விழுந்து எழுவதா என்று வெட்கப்பட்டு, “முட்டி வலி” என்று ஒரு பொய் சொன்னாள். அந்த முட்டிவலி இருபத்தேழு வருஷம் அவளுக்காக நாயாய் உழைத்தது.

ஹால்வரிடம் மட்டும் அது எடுபடாமல் போனது. அவன் ட்ராம் ஓட்டுகிறவன். பாட்டுக்குழுவில் சேர்ந்து பாடப் போய்ப் பழக்கம். செப்டம்பர் மாதம் ஒரு விருந்தில் அவளோடு ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“பனிச்சறுக்கு போவ இல்ல?”

ஆடி முடித்த காலை வைத்துக்கொண்டு முட்டிவலி என்று எப்படிச் சொல்வது? “போகாம? சின்ன வயசுலேர்ந்து!” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஹால்வர் சிரித்தான். முன்பல்லில் சின்ன இடைவெளி தெரிய, முகம் முழுக்கச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவள் அந்த நேரத்தில் இமயமலையில் ஏறியதாகக்கூடச் சொல்லியிருப்பாள்.

பொய் சொன்ன ஆளோ தப்பான ஆள். ஹால்வரின் மனைவி இரண்டு வருஷம் வேறொருவனோடு பழகிக்கொண்டே, வீட்டில் ஒன்றும் நடக்காதது போல் அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தவள். அவள் விட்டுப் போய் எட்டு வருஷமாகிறது. “அவ போனதைக்கூட மறந்துட்டேன். ரெண்டு வருஷம் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னா பாரு, அதுதான் இன்னும் ஆறல” என்று யோருனிடம் அவனே சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட நாள் முழுக்க அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

ஜனவரியில் அவன் கூப்பிட்டான்.

“ஈஸ்டருக்கு மலை வீட்டுக்கு வரியா? ரோட்டுலேர்ந்து ஒன்பது கிலோமீட்டர். பலகையிலதான் போகணும். அவ போனப்புறம் நான் யாரையும் அங்க கூட்டிட்டுப் போனதில்ல.”

கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தால்கூட அவளுக்கு நெஞ்சு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது. வருகிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு எங்கே நடக்கிறது என்று தேடினாள். ஆறு சனிக்கிழமை, காலை பத்து மணி, நகரத்தின் வடக்கே காட்டோரம்.

முதல் சனிக்கிழமை போய்ப் பார்த்தால், வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வெளிநாட்டுக்காரர்கள். எரித்ரியாவிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர், பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் இரண்டு பேர், பிரேசிலிலிருந்து ஒரு பொறியாளர். சொல்லிக்கொடுக்க வந்தவள் தோர்தீஸ் என்ற வடநார்வேக்காரி. முப்பத்தைந்து வயது, கப்பல் சங்கு போல் குரல், வாய்க்குப் பூட்டே கிடையாது. வட்டமாக நிற்க வைத்து ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். யோருனின் முறை வந்தது. இத்தனை பேருக்கு நடுவில் ‘நார்வே’ என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“டென்மார்க்” என்றாள்.

டென்மார்க்கில் மலை ஏது, பனி ஏது? டேனிஷ்காரர்கள் பலகையில் விழாமல் நின்றாலே கைதட்டுவார்கள். யோசித்துப் பார்த்தால் நல்ல பொய்தான். ஒரே சங்கடம், பொய் சொன்னவள் அதற்குப் பிறகு டேனிஷ் பேச வேண்டும். நார்வேக்காரர்களைப் பொறுத்தவரை, வாயில் சுடச்சுட உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசினால் அதுதான் டேனிஷ். யோருன் ஆறு சனிக்கிழமையும் இல்லாத உருளைக்கிழங்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசினாள்.

தோர்தீஸ் முதல் காரியமாக எல்லோருடைய கோலையும் பிடுங்கி ஒரு மரத்தடியில் போட்டாள்.

“கோல் இருந்தா அதுமேல சாஞ்சுக்குவீங்க. மொதல்ல கால் கத்துக்கட்டும். நடங்க!”

யோருன் நடந்தாள். முன்னே ஓர் அடி, பின்னே முக்கால் அடி.

“ஏ டென்மார்க்! சோப்பு கொட்டின குளியலறையில நடக்குற மாதிரி நடக்குற!”

“வழுக்குது.”

“பலகையத் திருப்பிப் பாரு. நடுவுல வில்லு மாதிரி தூக்கிட்டு இருக்கா? அங்கதான் பிடி இருக்கு. உன் எடை மொத்தமும் ஒரே கால்ல இறங்கினாத்தான் அது பனியத் தொடும். நீ என்ன பண்ற? பாதிய இந்தக் கால்ல வெச்சுக்கிட்டு, பாதிய அந்தக் கால்ல ஒளிச்சு வெச்சுக்குற. அப்போ எதுவும் பிடிக்காது. ஒரு கால்ல நில்லு. முழுசா. அது ஓடி முடிஞ்சதும் அடுத்த கால்.”

“விழுந்துட்டா?”

“விழு! பனிதானே? பாறையா?”

விழுந்தாள். மல்லாக்க, குப்புற, ஒருமுறை எரித்ரியாக்காரர் மேலேயே. அவர் பெருந்தன்மையாக, “பரவால்ல, நானும் விழத்தான் போனேன்” என்றார். இரண்டாவது வாரம் மேட்டில் ஏறக் கற்றார்கள்: பலகைகளின் முனையை அகல விரித்து, குதிகாலை ஒட்டி வைத்து, பனியில் மீன்முள் போலத் தடம் விழ ஏற வேண்டும். மூன்றாவது வாரம் இறக்கம். அதற்குக் கலப்பை என்று பெயர். முனைகளைச் சேர்த்து, குதிகாலைத் தள்ளி, உட்காரப் போகிறவன் மாதிரி முட்டியை மடக்கினால் வேகம் குறையும். யோருனுக்குக் கலப்பை உடனே வந்துவிட்டது. வேகத்தைக் குறைப்பதில் அவளுக்கு இயற்கையிலேயே ஆர்வம் அதிகம்.

நான்காவது வாரம் வந்து சேர்ந்தது வினை. மோவன்ஸ் என்று ஒரு நிஜ டேனிஷ்காரன். தன் நாட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷமாக ஓடி வந்து படபடவென்று ஏதோ பேசினான். யோருன் உருளைக்கிழங்கை இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள். அவன் முகம் குழம்பியது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்.

“நீங்க போர்ன்ஹோம் தீவா?”

அந்தத் தீவுக்காரர்கள் பேசுவது டேனிஷ்காரர்களுக்கே புரியாது. கடவுளாகப் பார்த்து அனுப்பிய தீவு. “ஆமா ஆமா” என்று தலையாட்டிவிட்டு, கலப்பை போடுவதைக்கூட மறந்து மேட்டிலிருந்து இறங்கி ஓடிவிட்டாள்.

ஆறாவது சனிக்கிழமை ஒரு காரியம் நடந்தது. இருபுறமும் பனி சுமந்த மரங்கள், நடுவே இரட்டைக் கோடாகத் தடம். வலது காலில் முழு எடையும் இறங்கியது. உதைத்தாள். இடது பலகை ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எதுவும் செய்யாமல் அதன்மேல் சும்மா நின்றாள். பிறகு அடுத்த உதை. மூச்சும் காலும் சேர்ந்துகொண்டன. ஐம்பது அடி தூரம் இருக்குமா? இருக்கும். யோருனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை முட்டிவலிக்குத் தாரை வார்த்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

“பலே டென்மார்க்!” என்று தோர்தீஸ் கத்தினாள். கிளம்பும்போது பக்கத்தில் வந்து ஒன்று சொன்னாள். “இங்க குடுத்தது அடியில செதில் வெச்ச பலகை. சோம்பேறி மிதிச்சாலும் கொஞ்சம் பிடிக்கும். பிடிக்காக மெழுகு பூசற பலகை அப்படி விடாது. முழுசா மிதிச்சாத்தான் மதிக்கும். ஞாபகம் வெச்சுக்க.”

யோருன் ஞாபகம் வைத்துக்கொண்டாள், ஈஸ்டர் வரைக்கும்.

ஹால்வரிடம் செதில் பலகையைப் பற்றிப் பேசவே கூடாது. உடனடிக் காப்பித் தூளைப் பற்றிப் பேசுகிற முகத்தோடு பேசுவான். அவனிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே நிறம் நிறமாக மெழுகு டப்பாக்கள், தேய்க்கத் தக்கை, சுரண்டி, பனியில் குத்திப் பார்க்க ஒரு வெப்பமானி. மலைச்சாலையில் பேருந்து இறக்கிவிட்ட காலையில், அவன் மண்டியிட்டு வெப்பமானியைக் குத்தி, ஒரு பிடி பனியை அள்ளி ஊதி, டாக்டர் மாதிரி யோசித்தான்.

“மைனஸ் நாலு. புதுப் பனி. நீலம்தான், சந்தேகமே இல்ல.”

தன் அக்காவிடம் கேட்டு வாங்கி வந்திருந்த பலகையை யோருனுக்காகத் தயார் செய்தான். காலுக்குக் கீழே வரும் இடத்தில் நீல மெழுகை மெல்லிசாகப் பூசி, தக்கையால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து... தன்னுடையதற்கு மூன்று பூச்சு, அவளுடையதற்கு ஐந்து. யாரும் அவளுக்காக இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

கிளம்பினார்கள். ஹால்வர் முன்னால் போனான். யோருன் பின்னால். முதுகில் பை, கண்ணுக்கு முன் அவனுடைய வழுவழுப்பான நடை, மனதில் பயம். ஆறு சனிக்கிழமையும் எங்கே போனது என்றே தெரியவில்லை. பாதி இந்தக் காலில், பாதி அந்தக் காலில். முதல் மேட்டிலேயே பலகை சர்ரென்று பின்னால் போனது. மூக்குப்பட விழுந்தாள்.

“பிடிக்கலையா?” என்று ஹால்வர் பதறித் திரும்பி வந்தான்.

அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். “மெழுகு கொஞ்சம்...” என்று இழுத்தாள்.

அந்த ஊரில் இது பெரிய வார்த்தை. யார் விழுந்தாலும், பிந்தினாலும், பந்தயத்தில் தோற்றாலும் மெழுகுப் பிசகு என்று சொல்லித் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். ஆனால் மெழுகு பூசியது இன்னொருவராக இருந்தால் பழி அவர் தலையில்தான் விடியும்.

ஹால்வர் பலகையைக் கழற்றச் சொல்லி நீலத்தைக் கூட்டிப் பூசினான். அரை கிலோமீட்டரில் மறுபடி வழுக்கியது. ஊதா பூசினான். வழுக்கியது. சிவப்பு பூசினான். தன் பலகையைப் பார்த்தான், அவளுடையதைப் பார்த்தான். “ஒரே டப்பா, ஒரே பனி. எனக்குப் பிடிக்குது, உனக்குப் பிடிக்கல. எனக்கு ஒண்ணுமே புரியல” என்றான். காலையில் இருந்த சந்தோஷம் அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. யோருன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு பூச்சுக்கும் அவளுடைய பொய் ஒரு சுற்று பெருத்தது.

ஐந்தாவது கிலோமீட்டரில், அவனுக்கே மானம் போன மாதிரி ஒரு முகத்தோடு, பெட்டியின் அடியிலிருந்து பசைக் குழாயை எடுத்தான். அது உருகி உறைந்த பழம்பனிக்குப் போடுவது. புதுப் பனியில் அதைப் போடக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஹால்வருக்கும் தெரியும். வேறு வழி தெரியவில்லை அவனுக்கு. பூசினான். யோருன் இரண்டடி வைத்தாள். பனி மொத்தமும் பலகைக்கடியில் கட்டி கட்டியாக அப்பிக்கொண்டது. மூன்றாவது அடியில் பொய்க்கால் கட்டிய மாதிரி ஒரு சாண் உயரத்தில் நின்றாள். வழுக்கவில்லைதான். நகரவும் முடியவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து ஸ்டெய்னார் வந்தான். பக்கத்து மலை வீட்டுக்காரன், ஹால்வரோடு சிறுவயதிலிருந்து மெழுகுச் சண்டை போடுகிறவன். பத்து வருஷத்துக்கு முன் அவன் ஒருமுறை பிசகியதை ஹால்வர் இன்றுவரை விடாமல் குத்திக்காட்டுவான்.

“ஹேய் ஹேய்! என்னடா ஹால்வர், கையில என்ன, பற்பசையா? பல்லு வெளக்கலையா காலையில?” கிட்டே வந்து யோருனின் காலைப் பார்த்தான். வாயெல்லாம் பல். “அடப்பாவி! புதுப் பனியில பசையா? இருடா, போட்டோ எடுத்துக்கறேன்!”

ஹால்வரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தலை குனிந்து, குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்.

“மெழுகுப் பிசகுதான். என் தப்பு. பாவம், அவ நல்லாப் போறவ.”

யோருனுக்கு இதற்கு மேல் முடியாது என்று ஆகிவிட்டது.

“மெழுகு சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியாது.”

“என்ன தெரியாது?” என்றான் ஸ்டெய்னார்.

“பனிச்சறுக்கு.”

ஸ்டெய்னார் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். யோருன் ஹால்வரைப் பார்த்தே பேசினாள்.

“இந்த வருஷம் ஆறு சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். அதுக்கு முன்னாடி கால்ல பலகைய மாட்டினதே இல்ல. செப்டம்பர்ல உன்கிட்ட சொன்னது பொய். காலையிலேர்ந்து மெழுகு மேல போட்டதும் பொய்.”

ஹால்வர் தொப்பியைக் கழற்றினான். தன் பையின்மேல் உட்கார்ந்தான். யோருன் திரும்பிப் பார்த்தாள்: வந்த வழி ஐந்து கிலோமீட்டர். இந்தக் கட்டிகளோடு தனியாகத் திரும்பிப் போக எத்தனை மணி நேரமாகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

ஹால்வர் தொண்டையைக் கனைத்தான்.

“அப்போ... காலையில போட்ட நீலம்?”

“நான் அத மிதிக்கவே இல்ல. பயத்துல பாதிப் பாதியா நின்னேன்.”

“மிதிக்கவே இல்லையா?”

“இல்ல.”

ஹால்வர் எழுந்தான். “கேட்டியாடா ஸ்டெய்னார்? மிதிக்கவே இல்லையாம்! நீலம் சரிதானாம்! அந்தப் போட்டோவ அழி மொதல்ல!”

ஸ்டெய்னாருக்கு எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியவில்லை. பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து யோருன் கையில் திணித்தான். “நான் போய் உங்க வீட்டு அடுப்பப் பத்த வைக்கறேன். மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டான்.

ஹால்வர் அவளுடைய பலகையை மடியில் வைத்துப் பசையைச் சுரண்ட ஆரம்பித்தான். அவளைப் பார்க்காமல் கேட்டான்.

“ஏன் சொல்லல?”

“நீ சிரிச்ச. அது போயிடும்னு பயந்தேன்.”

சுரண்டி கொஞ்ச நேரம் ஓடியது.

“அவ ரெண்டு வருஷத்துல ஒருநாள்கூட தானா வந்து சொல்லல” என்றான். “நானாத்தான் கண்டுபுடிச்சேன். நீ வாயத் தொறந்து சொல்லிட்ட. அதுவும் அந்த ஸ்டெய்னார் முன்னாடி.” நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது, கோபமும் கொஞ்சம் இருந்தது. “வேற ஏதாவது பாக்கி இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. வகுப்புல எல்லாரும் என்ன டேனிஷ்காரின்னு நெனச்சிட்டிருக்காங்க.”

சுரண்டி நின்றது. “என்ன?”

போர்ன்ஹோம் வரைக்கும் சொல்லி முடித்தாள். ஹால்வர் பனியில் பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பல்லிடைவெளி தெரிந்தது. “பேசிக் காட்டு” என்றான். யோருன் ஆரஞ்சுச் சுளை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசிக் காட்டினாள். அவன் மறுபடி விழுந்தான்.

நீலம் பூசினான். ஐந்து பூச்சு, முதலிலிருந்து. யோருன் பலகையை மாட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். ஒளித்துவைக்க இனி ஒன்றுமில்லை. வலது காலில் முழுசாக ஏறி நின்றாள். மெழுகு பனியைக் கவ்விக்கொண்டது. இடது காலில் நின்றாள். அதுவும் கவ்வியது.

“பிடிக்குது” என்றாள் மெதுவாக. அப்புறம் சத்தமாக, “ஹால்வர், பிடிக்குது!”

அதற்குப் பிறகு ஹால்வரை அடக்க முடியவில்லை. ட்ராமில் பக்கத்து இருக்கைக்காரனிடம் வருஷக்கணக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதர்கள் மலைத்தடத்தில் எதிரே வருகிற எல்லோருக்கும் ஹேய் ஹேய் சொல்வார்கள், அவ்வளவுதான் வழக்கம். ஹால்வர் நான்கு கிலோமீட்டரும் எதிரே வந்த ஒருவரைக்கூட அதோடு விடவில்லை. “ஹேய் ஹேய்! இவ இப்பத்தான் கத்துக்கறா! நீலம் போட்டிருக்கேன், பிரமாதமாப் பிடிக்குது!” முதல் குடும்பத்திடம் அவன் சொன்னபோது யோருனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இருபத்தேழு வருஷம் மூடி வைத்ததை இவன் தண்டோரா போடுகிறானே! ஆனால் அந்தக் குடும்பம், “ஓ, நல்லது” என்று சொல்லிவிட்டு, ஊதா போட்டிருக்கலாமா என்று அவனோடு வாதாடப் போய்விட்டது. அவளை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது ஆள் எதிரே வந்தபோது அவளே கோலைத் தூக்கி, “ஆறு சனிக்கிழமைதான் ஆச்சு!” என்று கூவினாள்.

மலை வீட்டின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஸ்டெய்னார் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, மடியில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

“எப்படிப் பிடிச்சுது?” என்று தூரத்திலிருந்தே கேட்டான்.

ஹால்வர் வாயைத் திறப்பதற்குள் யோருன் முந்திக்கொண்டாள்.

“நீலம்! முழுசா மிதிச்சேன்!”

சொன்ன வேகத்தில் கடைசிச் சரிவில் கலப்பையை மறந்து, வாசற்படி ஓரத்தில் குவித்திருந்த பனியில் தலைகுப்புறப் போய்ப் புதைந்தாள். ஆண்கள் இரண்டு பேரும் பதறி ஓடி வந்தார்கள். ஹால்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“மெழுகுன்னு சொன்ன, கொன்னுடுவேன்!” என்று பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.